புளியில் ஊறிய கோதுகள்

என் தங்கச்சி சுகந்தினியின் புருஷனிடம் துவக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இருநூற்று நாற்பது தோட்டாக் கோதுகள் இருந்தன. நாட்டைவிட்டு வந்து நாங்கள் குடியேறின பக்குரங்காவில், எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் மேசை போட்டு, அவற்றைத் தினமும் எடுத்துப் பார்ப்பதும் துடைப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தார். கார் மழையில் நின்றது. அதன் ஒரு கண்ணாடி சரியாக மூடாது. அந்த ஈர இருக்கையில் உட்கார்ந்துதான் நான் ஒவ்வொரு நாளும் மங்கரேக்கு, விமான நிலையச் சமையற்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெயர் கேதீஸ்வரன். மன்னார்க்காரர். ஒடாஹுஹுவில் தண்ணீர்க் குழாய்களுக்குப் பித்தளைப் பொருத்துகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வார்த்து வருவதை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது நல்லது, இது கூடாது என்று பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மரக்கறிக் கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் எடுக்க அரை மணித்தியாலம் நிற்பார். கடைக்காரப் பெண் இவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவாள்.

கோது வந்த கதை இது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஹேமி என்கிற, இந்த நாட்டுப் பூர்வகுடி மவோரிக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். தொண்ணூற்று நாலில் ஒருமுறை இவரையும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நானூறு கெஜத் தூரத்தில் நின்ற மானை ஹேமி சுட்டார். குண்டு ஒரு சாண் கீழே இறங்கி வயிற்றில் பட்டது. அந்த மானைத் தேடிப் பிடித்து அதன் வேதனையை முடிக்கப் பின்னேரம் வரை ஆயிற்று. இவர் திரும்பி வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஹேமியிடம் போய், அன்று சுட்ட கோதை வாங்கி வந்தார்.

குண்டு பறந்த பிறகு துவக்கில் மிஞ்சுகிற பித்தளைக் குப்பிதான் கோது. அதில் திரும்ப வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்தினால் இன்னொரு முறை சுடலாம். ஹேமி அப்படித்தான் செய்துவந்தார். ஆனால் கண்டபடி பொறுக்கிய கோதுகள். ஒன்று கனம், ஒன்று லேசு. ஒன்று ஒருமுறை சுட்டது, ஒன்று ஏழுமுறை. கிட்டத்தில் சுட்டால் வித்தியாசம் தெரியாது, தூரத்தில் ஒரு சாண் விலகும். இவர் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கோதின் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அடிப்பக்கம் உள்ளே ஒரு பள்ளம் இருந்தது.

"இன்னொருக்கா இதைச் சுட்டிருந்தா இரண்டாப் பிளந்து, வெடிச்ச சுடுஆவி அவன்ர முகத்திலதான் வந்திருக்கும், மச்சாள்" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து ஹேமிக்கும் அவருடைய இரண்டு கூட்டாளிகளுக்கும் கோது பார்க்கிறது இவர் பொறுப்பு. ஒரே தொகுதியில் வந்தவற்றைத் தராசில் நிறுத்து, எத்தனை முறை சுட்டது என்று பெட்டிக்குப் பெட்டி எழுதி வைத்தார். அவர் பார்த்துக் கொடுத்த கோதில் ஒரு மான்கூடக் காயத்தோடு ஓடவில்லை என்று ஹேமி சொல்லுவார். கோயிலில் சிலர், வெள்ளிக்கிழமை விரதக்காரனுக்கு மான் வேட்டை என்ன கேடு என்று கதைத்தார்கள். மான் வேதனைப்படக் கூடாது என்றுதான் இந்த மனுசன் மாய்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பிடிக்காது.

பிடிக்காததற்குக் காரணம் சுகந்தி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவள் காலமை காலமை குப்பையோடு, இரவுச் சண்டையில் விழுந்த கோதும் கூட்டி அள்ளினவள். சீமெந்தில் பித்தளை விழுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் தோள் குறுகிப் போகும். அது தெரிந்து அவர் மேசைமேல் தடித்த துவாய் விரித்துத்தான் வேலை செய்தார். அவள் மூன்று வருடமாகக் கராஜுக்குள் கால் வைத்ததில்லை.

தொண்ணூற்றேழில் ஹேமி தென்தீவுக்கு மாறப்போவதாகச் சொன்னார். மருந்து நிரப்புகிற வேலை அதுவரை ஹேமியின் வீட்டில், அவருடைய துவக்கு லைசென்ஸில்தான் நடந்தது. இனி வேண்டுமென்றால் இவருக்கே லைசென்ஸ் வேண்டும். வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், கராஜ் சுவரில் இரும்பு அலுமாரியும் பூட்டினார். மிச்சம் ஒன்றுதான். பொலிஸ் அனுப்புகிற ஒருவர் வீட்டுக்கு வந்து, மனைவியோடு தனியாகக் கதைப்பார். அவள் வேண்டாமென்றால் கிடைக்காது.

"நீர் உண்மையைச் சொல்லும்" என்று சுகந்தியிடம் சொன்னார். "பயமெண்டா பயமெண்டு சொல்லும். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

அப்படிச் சொன்னாரே தவிர, அந்தக் கிழமை முழுக்க மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தது. கோதைப் பார்க்கிற அந்த ஒன்றைத் தவிர இந்த நாட்டில் அவருக்கென்று வேறு என்ன இருந்தது? சுகந்தியின் இங்கிலிஷ் காணாது என்று மொழிபெயர்க்க என்னை உட்காரச் சொன்னார்கள். நான் மனதுக்குள் ஒரு முடிவோடு இருந்தேன். அவள் என்ன சொன்னாலும், "பயப்படுகிறாள், வேண்டாம் என்கிறாள்" என்று சொல்லிவிடுவது. மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

ஆள் வருவதாக இருந்தது சனிக்கிழமை. வெள்ளி பின்னேரம் நான் வேலையால் வந்தபோது, உடுப்புத் தோய்க்கிற அறையில் சுகந்தி பெரிய பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தாள். உள்ளே புளித்தண்ணீர். அதற்குள் இருநூற்று நாற்பது கோதும்.

"என்னடி செய்யிறாய்?"

"பொலிஸ் ஆள் வரேக்க எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தா என்ன நினைப்பினம், அக்கா? நேற்று இரவு இவர் படுத்தாப்பிறகு கராஜுக்குள்ள போய் எடுத்து ஊறப்போட்டனான். இப்ப பாருங்கோ."

பித்தளை என்றால் புளி. குத்துவிளக்குக்கும் செம்புக்கும் நாங்கள் அதுதானே செய்கிறோம். பெட்டி பெட்டியாகப் பிரித்திருந்ததை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். கோதுகள் மினுங்கின. ஆனால் மஞ்சளாக இல்லை, ரோஸ் நிறமாக இருந்தன.

கேதீஸ்வரன் வந்து வாசலில் நின்றார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வெளிறியதை நான் கண்டேன்.

"நீரே தேச்சனீர்?"

"ஓம்."

"ஒண்டொண்டாக் கையில எடுத்தோ?"

"ஓம். முதல்ல துணி சுத்தித்தான் எடுத்தனான். பேந்து பழகீட்டுது."

அவர் கையிலிருந்ததைச் சட்டையில் துடைத்தார். பிறகு, "நல்லா மினுங்குது" என்றார். அவளோடு சேர்ந்து குந்தியிருந்து, மிச்சத்தைத் துவாயால் துடைத்து வைத்தார்.

அவள் சமைக்கப் போன பிறகு நான் விடவில்லை. "என்ன, பழுதாப் போச்சோ? மறைக்காமச் சொல்லும்."

"இவ்வளவு நேரம் ஊறினா பித்தளையில செம்போட கலந்திருக்கிற துத்தநாகம் கரைஞ்சு போகும், மச்சாள். செம்பு மட்டும் தெரியுது, பாத்தீங்கள்தானே? நம்பேலாது. நம்பினாலும் எது ஒருக்காச் சுட்டது, எது ஆறுதரம் சுட்டது எண்டு இனித் தெரியாது. எல்லாம் குப்பைதான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சனிக்கிழமை வந்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், நரைத்த மீசை. முதலில் அலுமாரியைப் பார்க்கக் கராஜுக்குப் போனோம். சுகந்தியும் வந்து, பின்னால் நின்றாள். அவர் மேசையிலிருந்த கோது ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சுடுகிறவர்தானே, "யார் இதை அமிலத்தில் போட்டது? இதை நான் என் கன்னத்துக்குப் பக்கத்திலும் கொண்டுபோக மாட்டேன்" என்றார்.

"மை மிஸ்டேக்" என்றார் கேதீஸ்வரன் உடனே. "நான்தான். எல்லாவற்றையும் எறியப்போகிறேன்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு கேதீஸ்வரனை வெளியே அனுப்பிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். வந்தவர் தாளைப் பார்த்துக் கேட்டார். உங்கள் கணவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? வீட்டில் துவக்கு இருக்க உங்களுக்குச் சம்மதமா?

நான் தமிழில் சொன்னேன். சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கராஜுக்குள்ள இவர் 'மை மிஸ்டேக்' எண்டவர். என்ன மிஸ்டேக்?"

என் வாயில் பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். புளி, துத்தநாகம், கலந்துபோன பெட்டிகள், அவர் என் கையைப் பிடித்துக் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு, நேரே அந்த மனிதரிடம் இங்கிலிஷில் கதைத்தாள். வந்து நாலு வருடத்தில் வெள்ளைக்காரர் ஒருவரோடு அவள் இவ்வளவு கதைத்ததை நான் கேட்டதில்லை.

"ஐ வோஷ். நொட் ஹிம். ஆல் ஸ்பொயில். ஹி நோ ஷவுட். ஹி சே, நைஸ்."

வந்தவர் பேனையைத் தாளில் வைத்துவிட்டு, துவக்கு என்றால் பயமா என்று மெதுவாகக் கேட்டார்.

"கன், யெஸ். பயம். ஹிம், நோ."

நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் இரண்டு வரி எழுதி, தாளை மடித்துக்கொண்டு எழும்பினார். லைசென்ஸ் ஆறு கிழமையில் தபாலில் வந்தது, அதை விடுங்கள்.

வந்தவரின் கார் புறப்பட்டுப் போனதும் கேதீஸ்வரன் பின்கதவால் வந்தார். சுகந்தி முகம் கழுவக் குளியலறைக்குள் போயிருந்தாள். அங்கே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. என்ன கேட்டார்கள், அவள் ஓம் என்றாளா இல்லை என்றாளா என்று முதலில் கேட்பார் என நினைத்துப் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அவர் குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சாள், கோது பழுதாப் போனது அவளுக்குத் தெரிஞ்சு போச்சோ?" என்றார்.