பின்வரிசையைப் பார்க்கிறவள்

சந்திரிகா முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். அடுத்து ஜன்னல். மேற்கு மாம்பலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலைச் சாத்தினால் அறை இட்லிப் பானைதான். ஆனால் திறந்து வைத்தால் மின்சார ரயிலின் சத்தம் பதிவில் ஏறிவிடும். "மிக்ஸி பக்கம் போயிடாதீங்க" என்று கணவர் ஜவஹருக்கு ஓர் எச்சரிக்கை. வாயில் ஒரு துண்டு கற்கண்டு. பிறகு பழைய படம் ஒன்றை மடிக்கணினியில் ஓடவிட்டு, கைபேசியை உதட்டருகே பிடித்துக்கொள்வாள். "நீங்களும் ப்ளே அழுத்துங்க. டைட்டில் ஓடட்டும். நாம பேசலாம்."

படம் ஓட ஓடக் கூடவே பேசுகிற பேச்சு அது. இணையத்தில் அதைக் கேட்பவர்கள் அதே படத்தைத் தங்கள் வீட்டில் போட்டு, அவள் குரலையும் பக்கத்தில் ஓடவிட்டுக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி பாட்டும் ஆட்டமுமாக இருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். கதாநாயகன், கதாநாயகியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "அவங்களைத்தான் ஊரே பாத்தாச்சே. பின்னாடி பாருங்க" என்பாள். பின்னால் துணியில் வரைந்த நிலாவில் ஒரு மடிப்பு இருக்கும். வயலின்காரர் வில்லைத் தந்திமேல் படாமலே இழுத்துக்கொண்டிருப்பார். தாமரைக் குளத்தில் ஒரு தாமரை மட்டும் கவிழ்ந்து மிதக்கும். திருச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: இருபது தடவை பார்த்த படத்தை நீங்கள் பேசிய பிறகுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த வரியை அவள் ஜவஹரிடம் மூன்று நாள் படித்துக் காட்டினாள்.

வயிற்றுப்பாட்டுக்கும் குரல்தான். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். ஆடித் தள்ளுபடியையும் பெற்றோரைத் தொலைத்த குழந்தைகளையும் ஒரே கனிவோடு அறிவிப்பாள்.

போன பொங்கலுக்குப் பிறகு அவள் பேசிய ஒரு படத்தில் குழு நடனம் வந்தது. பன்னிரண்டு பெண்கள், கையில் ஆளுக்கொரு குடம். எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டார்கள். இடது கோடியில் ஒருத்தி அதற்குப் பிறகுதான் சுற்றத் தொடங்கினாள். சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, இந்தப் பொண்ணைப் பாருங்க. எல்லாரும் போயாச்சு, இவ அடுத்த பஸ்ல வர்றா!"

யாரோ அந்த ஆட்டத்தையும் அவள் குரலையும் மட்டும் வெட்டி ஒட்டி இணையத்தில் போட்டார்கள். அது பற்றிக்கொண்டது. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறவர்களும் தேர்வுக்குப் படிக்காதவர்களும் அந்தப் பெண்ணின் தடுமாற்றத்தையும் சந்திரிகாவின் சிரிப்பையும் தங்கள் வீடியோவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். கடையில் வேலை செய்யும் ஷாகிரா, "அக்கா, நீங்க உலக ஃபேமஸ்" என்று கட்டிப்பிடித்தாள். சந்திரிகாவும் பூரித்துத்தான் போனாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இரவில் விழித்துப் பார்த்த நாட்களும் உண்டு.

ஒரு மாலை அறிவிப்பு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நுழைந்தாள். கையில் புடவைப் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"மைக்ல கொரலைக் கேட்டு ஓடியாறேன் மேடம். அந்த அடுத்த பஸ்ஸு சொன்னது நீங்கதான?"

"ஆமாம்..."

"அது எங்கம்மா மேடம்!"

பெயர் டயானா. சாந்தோமில் மீன் கடை வைத்திருக்கிறாள். "எங்க குப்பத்துல இப்போ அம்மாதான் ஹீரோயினு. நீங்க கண்டிப்பா வூட்டுக்கு வரணும்."

அடுத்த ஞாயிறு சந்திரிகா பதிவுக்கு உட்காரவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனாள். பன்னிரண்டு பேரில் ஒருவரை நேரில் பார்க்கப்போகிறோம், அவரையே பேசவைத்து அந்தப் பாட்டுக்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

டயானாவின் அம்மா தேசம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. கழுத்து மட்டும் இன்னும் ஆட்டக்காரியுடையது, நிமிர்ந்திருந்தது. மகள் பக்கத்தில் இருந்தவரை சிரித்துத் தலையாட்டினார். டயானா டீ வாங்க வெளியே போனதும் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, அதை எடுத்துட முடியுமா?"

சந்திரிகாவுக்கு முதலில் புரியவில்லை.

"நீ ஒண்ணும் பொய் சொல்லல. லேட்டுதான். திரையில ஓடினப்புறம்தான் டான்ஸ் மாஸ்டர் பாத்தாரு. அதுக்கப்புறம் என்னிய எதுக்கும் கூப்பிடல. ஸ்டுடியோ வாசல்ல போயி போயி நின்னேன். வூட்ல வந்து, கல்யாணம் ஆவப்போவுது, நானே வேணாம்னுட்டேன்னு சொன்னேன். கட்டிக்கினவரு கடைசிவரிக்கும் அதைத்தான் நம்பினாரு. எனக்கோசரம் ஆட்டத்தையே வுட்டவன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாரு."

சந்திரிகா கையிலிருந்த மைசூர்பாகுப் பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ பேரப் பசங்க போட்டுப் போட்டுப் பாக்குதுங்க. அதான் உன்னிய தொரத்திட்டாங்களா ஆயான்னு ஒண்ணு கேக்குது. வெளையாட்டாத்தான் கேக்குது. நானும் சிரிக்கிறேன். யாரும் பாக்கலன்னு இருந்துட்டேம்மா இத்தினி வருசம்."

சந்திரிகாவின் காதுமடல்கள் எரிந்தன. தரையைப் பார்த்தபடி கைபேசியை எடுத்தாள். அந்தப் படத்தின் பதிவு முழுவதையும் அங்கேயே அழித்தாள். ஒரு நொடியில் போய்விட்டது. "எடுத்துட்டேன்மா" என்றாள். தேசம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழித்தது தன்னிடம் இருந்ததை மட்டும்தான், வெட்டிப் போட்டது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இவரிடம் எப்படிச் சொல்வது?

அதைச் சொல்லவும் நேரமில்லை. டயானா டீயோடு வந்துவிட்டாள், பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர்.

"மேடம், ஒரே ஒரு வீடியோ. நீங்க அம்மா பக்கத்துல குந்திக்கினு அந்த டயலாக்கை உங்க வாயாலயே சொல்லணும். தோ, பாட்டும் என் போன்லயே கீது."

தேசம்மா சட்டென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சொல்ல மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் இவ்வளவு காலம் கட்டிக்காத்தது இவர்கள் நடுவில் உடைந்துபோகும். கட்டில் ஓரத்தில் சந்திரிகா உட்கார்ந்தாள்.

"ரெடியா மேடம்? சொல்லுங்க!"

பாட்டு தொடங்கியது. போன் திரையில் குடங்கள் சுழன்றன. சந்திரிகா சிரிப்பை அடக்குகிறவள்போல முந்தானையை இழுத்துத் தன் வாயை அழுந்தப் பொத்திக்கொண்டாள்.