தூக்கிப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

காயில்காரர் என்றால் அந்தக் கடைத்தெருவில் அவர் ஒருவர்தான். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்; ஆனாலும் அந்தப் பெயர் இவரிடமே ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பட்டறையில் கூட்டிப் பெருக்கி, அடி வாங்கி, திட்டு வாங்கி, கடைசியில் தொழிலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். சொந்தக் கடை, சொந்த வீடு, மாடியில் மகளுக்கென்று ஓர் அறை. எவன் கையையும் பிடித்து அவர் மேலே ஏறியதில்லை. இதை அவரே நாள் தவறாமல் சொல்லுவார். சொல்லட்டுமே, பொய்யா சொன்னார்?

அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. மோட்டாரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குவார், கீழே வைப்பார். உள்ளே இருப்பது செம்புக் கம்பியா, செம்பு மாதிரி வேஷம் போட்ட அலுமினியமா என்று சொல்லிவிடுவார். பக்கத்துக் கடைக்காரன் கட்டிக் கொடுத்த மோட்டாரை ஒருமுறை நாலு பேர் முன்னால் தூக்கிப் பார்த்து, கம்பியை அறுத்து, உள்ளே அலுமினியம் வெள்ளையாக இருப்பதைக் காட்டினார். அந்த ஆள் அப்புறம் இவர் கடைப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டான். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. காயில்காரருக்குத் தெரிந்த படிப்பு அதுதான். அந்தப் படிப்புதான் அந்த வீட்டுக்கே சோறு போட்டது.

ஒரே மகள். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். அந்த அலுவலகம் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்துக்கு மாறியது. முதலாளியம்மா நல்ல மாதிரிதான். வீட்டில் தாக்குப்பிடிக்கிற கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யட்டும், இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் வரைபடம் முழுசாக வந்து சேர்ந்தால் அப்படியே தொடரலாம், வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகளுக்குப் போக மனசில்லை. காயில்காரரோ அந்தப் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

ரெடிமேடாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் மகளே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தாள். கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம், அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிற பிராசசர் ஒன்று போதும். ரேம் பெரிசாக ஒன்று போடுவதைவிட, சின்னதாக இரண்டை ஜோடி சேர்த்தால் வேகம். படங்களைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி சின்னது. கேபினெட், தோழி வீட்டுப் பரணில் தூசி தின்றுகொண்டிருந்த பழசு. இப்படி எல்லாவற்றிலும் கிள்ளிக் கிள்ளி மிச்சம் பிடித்தவள், ஓர் இடத்தில் மட்டும் கை வைக்க மறுத்தாள்.

"பவர் சப்ளைல மட்டும் மிச்சம் பார்க்கக் கூடாதுப்பா. அது போச்சுன்னா தனியா போகாது, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றும் எழுதிக் கொடுத்தாள். காயில்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆயுசு முழுக்கக் கரண்டோடு குடித்தனம் நடத்தியவருக்குக் கரண்டுப் பெட்டி வாங்கச் சீட்டா?

"மத்ததெல்லாம் உன் படிப்பும்மா. இது என் தொழில்."

பழைய அலுவலகத்தைக் காலி செய்யும் வேலையில் அவள் மாட்டிக்கொண்டிருந்த நாளில், அவரே கடைக்குப் போனார். கடைக்காரர் சீட்டில் இருந்ததை எடுத்து வைத்தார். காயில்காரர் பக்கத்தில் இருந்த வேறொன்றையும் கேட்டு வாங்கினார். விலை பாதிதான், மேலே அச்சடித்திருந்த வாட்ஸோ கூடுதல். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. மகள் சொன்னது பஞ்சு மாதிரி இருந்தது. மற்றது கையைக் கீழே இழுத்தது. பெயருக்குக் காசு வாங்குகிறான்கள் என்று முடிவு கட்டி, கனமானதை எடுத்துக்கொண்டார். மிஞ்சிய காசைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பாவம், நாள் முழுக்கக் கோடு கோடாகப் பார்க்கிற பிள்ளையாயிற்றே என்று, அவள் கேட்டதைவிடப் பெரிய மானிட்டராக வாங்கினார்.

மானிட்டரைப் பார்த்து மகள் முகம் மலர்ந்தது. சப்ளையைப் பார்த்ததும் சுருங்கியது. நான் சொன்னது இது இல்லையே என்றாள்.

"தூக்கிப் பாரு" என்றார்.

தூக்கிப் பார்த்தாள். அப்பா கை தப்பு சொல்லி அவள் பார்த்ததே கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. அந்த வாரம் முழுக்க காயில்காரர் கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து மகள் கம்ப்யூட்டர் கதையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்டடத்தின் முகப்பை வர்ணத்தோடு முழுப் படமாக்கும் கடைசி வேலையை அவள் ஓட விட்டிருந்தாள். பிராசசர் முழு மூச்சில் உழைக்கிற வேலை அது. விளக்கு ஒரு நொடி மங்கிச் சரியானது. மேசைக்குக் கீழே பட்டென்று ஒரு சத்தம். திரை இருண்டது. மாடிப்படி பாதி ஏறும்போதே காயில்காரரின் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மதர்போர்டு போச்சு. எஸ்எஸ்டி போச்சு. அதற்குள் இருந்த வரைபடமும் போச்சு. பென்டிரைவில் பாதி வேலை இருந்தது. அதை வைத்து விடிவதற்குள் முடிக்க, அந்த வேலைக்கு ஏற்ற மெஷின் அக்கம்பக்கத்தில் எவரிடமும் இல்லை.

சப்ளையைக் கழற்றிக்கொண்டு தன் கடைக்குப் போனார், தனியாக உட்கார்ந்து திறந்தார். ஒரு டிரான்ஸ்பார்மர், சுண்டைக்காய் அளவு. சுண்டு விரல் தடிமனில் நாலு பாகங்கள். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு கட்டி. பிளாஸ்டிக்கைக் கீறினார். சிமெண்ட். தூக்கிப் பார்க்கிறவன் கைக்கென்றே எவனோ அளந்து ஊற்றி, காய வைத்து, திருகி மூடியிருக்கிறான்.

மறுநாள், சப்ளையை வாங்கிய கடையில் போய் நின்று சத்தம் போட்டார். கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க பொண்ணு எழுதினதைத்தான் முதல்ல எடுத்து வெச்சேன். நீங்கதான் தூக்கிப் பாத்து இது போதும்னீங்க. நானா தூக்கச் சொன்னேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏமாற்றியவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், ஏமாந்தவன் தலை குனிந்து படி இறங்குகிறான். உலகம் அப்படித்தான் நடக்கிறது.

வீட்டில் அவர் சிமெண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. லைனில் கோளாறு, கரண்டு எகிறிவிட்டது, எந்தக் கொம்பன் கம்பெனி சப்ளையாக இருந்தாலும் இதுதான் கதி என்றார். மகள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுதேப்பா. பக்கத்து வீட்டு டிவியும் ஓடுது."

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி, வழக்கம்போல் சமாதானம் ஆகியிருப்பார்கள். மறுநாள் பஸ் ஏறினாள்.

இப்போது அந்தப் பெரிய நகரத்தில் இன்னும் சில பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். பெரிய ஆபீஸ், பெரிய வேலை, போய்ப் பிழைத்துக்கொள் என்று நான்தான் அனுப்பி வைத்தேன் என்று காயில்காரர் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தினமும் அம்மாவுக்குப் போன் வரும். அம்மாவும் மகளும் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். போன் இவர் கைக்கு வந்தால் சாப்பாடு, உடம்பு, மழை; முடிந்தது.

ஒருநாள் மனைவி காய் நறுக்கியபடியே, மகள் அங்கே பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டிவிட்டாள், லீவு நாளில் வெளி வேலையும் எடுத்துச் செய்கிறாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எப்போது என்று கேட்டார். ஆகிவிட்டது ஒரு மாசம்.

அன்றைக்குப் போன் வந்ததும் அவரே எடுத்தார்.

"கம்ப்யூட்டர் பூட்டினியாமே. சப்ளை என்ன போட்டே?"

"இங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கேட்டுத்தான்ப்பா போட்டேன். நல்லா ஓடுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வேலை இருந்துதுப்பா, மறந்துட்டேன். அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

இருந்தாள். கொடுத்தார்.