கை வைத்தால் அடங்கும்

ரோஸ்லின் உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். பெரிய வாசிப்பு என்று சொல்ல முடியாது. தாளம் பிசகாது, தேவையில்லாத ஸ்வரம் விழாது, அவ்வளவுதான். அந்தக் கிட்டாரோடுதான் அவள் கணவன் சகாய பிரவீன் செத்தான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அவள் அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்வதைப் பற்றி ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு பழகிக்கொண்டது.

பிரவீன் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ஸ்பீக்கரின் அடியில் எழும் முனகல் அவனுக்குப் பிடிக்காது. மைக்செட்காரர்கள் ‘ஹம் அடிக்குது’ என்பார்கள். ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் பின்னைப் பிளக்கிலிருந்து வெட்டிவிட்டால் பல நேரம் அது நின்றுவிடும். அப்போது இந்தப் பக்கத்தில் வெட்டாத ஆள் குறைவு. பிரவீனும் வெட்டினான். சத்தம் சுத்தமானது. லோயர் கேம்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தலில், சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு கை கம்பிகளில் இருக்க மறு கையால் மைக்கைப் பிடித்தான். பாதி வரி மட்டும் பாடினான்.

அடுத்த மழைக்காலம் வரை கிட்டார் உறைக்குள் கிடந்தது. விலைக்குக் கேட்டுக் கம்பத்திலிருந்து ஷானவாஸ் என்பவர் வந்தார். பிரவீனோடு கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த மைக்செட் விஜயபாண்டி, ஆம்ப்ளிஃபயருக்குப் புது மூன்று பின் பிளக்கை மாட்டி எர்த்தைச் சோதித்து, ஓட்டிக் காட்டினான். ஸ்பீக்கர் முனகியது. ஷானவாஸ் முகம் சுளித்தார். அழுகிற பிள்ளையைத் தட்டுவது போல ரோஸ்லின் கம்பிகளின் மேல் கையை வைத்தாள். முனகல் நின்றது. எடுத்தாள். மறுபடி வந்தது.

பிரவீன் தூக்கத்தில் முனகுகிறவன். நெஞ்சில் கை வைத்தால் அடங்குவான், எடுத்தால் தொடங்குவான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. ஷானவாஸிடம், “விக்கலைங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வாசிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். கை அங்கேயே இருந்தது. விரல்கள் எத்தனை நாள் சும்மா இருக்கும்?

அந்த முனகல் கரண்டின் சத்தம்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் பிறந்து வளர்ந்ததே லோயர் கேம்ப் மின்நிலையத்துக் குவார்ட்டர்ஸில். மலையிலிருந்து குழாயில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் உள்ளே கரண்டாக மாறும்போது இதே குரல்தான் அவள் வீட்டுச் சுவரில் கேட்கும். தெரிந்த ஒன்றும் நம்புகிற ஒன்றும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும், இரண்டையும் யாரும் எதிரெதிரே உட்காரவைக்காத வரைக்கும். கிட்டாரை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. மகள் ஏஞ்சலையும் விட்டதில்லை. ஷாக்குக்குப் பயப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் அப்படியே நினைக்க விட்டாள்.

இந்த வருடம் கோயிலுக்குப் புது ஸ்பீக்கர்கள் வந்தன. பழைய ஆம்ப்ளிஃபயர் பீடத்துப் பக்கம் வேண்டாம், எல்லாம் நேராக மிக்சருக்குப் போகட்டும் என்றார் ஃபாதர். அப்படிப் போவதற்கு முன், கிட்டாரின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிட ப்ரீஆம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும்.

“நல்லதா பாத்து வாங்குங்க ரோஸ்லின். அந்த ஹம் மட்டும் வேணாம். நான் பிரசங்கம் வைக்கிறப்ப எவனோ குறட்டை விடுறான்னு நெனச்சு நாலு பேர முறைச்சிட்டேன். க்ளீனா இருக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்லினுக்கு அந்த ‘க்ளீன்’ மட்டும் காதில் தங்கியது. ஒரு தடவை சுத்தம் செய்ததில்தான் அவன் போனான்.

சின்னமனூரில் விஜயபாண்டியின் கடை. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் ஒயர் சுருள்களுக்கும் நடுவே ஆள் நடக்கவே இடம் கிடையாது. பிரவீன் செத்த பிறகு அவன் எந்தப் பந்தலுக்குப் போனாலும் முதலில் இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எர்த் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவான்.

“ரெண்டு கொண்டாந்திருக்கேன் மதினி. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்கன்னு மதுரைக் கடையில சொல்லிட்டாக.”

முதலில் கறுப்புப் பெட்டியை மாட்டினான். கிட்டார் மடியில் இருந்தது, பெட்டியில் விளக்கு எரிந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ஆன் ஆகியிருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“இது ரொம்பக் கண்டிப்பு மதினி. நீங்க வாசிக்காம வாயத் தொறக்காது.”

ஒரு ஸ்வரத்தை இழுத்தாள். அது தேய்ந்து மறைவதற்கு முன்பே அறுந்தது.

“பேசி முடிக்கிறதுக்குள்ள கதவச் சாத்துறாப்பல இருக்கே தம்பி.”

“ஃபாதருக்கு இதான் பிடிக்கும்.”

“ஃபாதரா வாசிக்கப் போறாக?”

விஜயபாண்டி சிரித்துக்கொண்டே இரண்டாவதை மாட்டினான். முனகல் வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரின் கம்பளி மூட்டம் இல்லாமல், மெலிந்து, ஜி கம்பிக்கு ஒரு மயிரிழை மேலே தெளிவாக நின்றது. போர்வையை விலக்கிய மாதிரி இருந்தது. ரோஸ்லின் கிட்டாரின் மேல் குனிந்தாள். கை வைத்தாள். அடங்கியது.

“க்ளீன்னா இது இருக்காதுன்னுல்ல நெனச்சேன்.”

“அது பெட்டி போடுற சத்தம் இல்ல மதினி. கிட்டாரே பிடிச்சுக்கிட்டு வருது, கம்பிக்கு அடியில இருக்கிற பழைய பிக்கப்பு. இந்தப் பெட்டி எதையும் சேக்காது, எதையும் எடுக்காது. நெசமான க்ளீனு இதான். அந்தக் கறுப்புப் பெட்டி பண்றது க்ளீனு இல்ல, மறைப்பு.”

இதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, கை கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்று கிட்டாரை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் நிற்கும்போது முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்கவில்லை.

ஈரக் கையோடு வந்தாள். விஜயபாண்டி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காதுகுத்துக்கு ரேட் பேசிக்கொண்டிருந்தான். அவன் இடது கை கம்பிகளின் மேல் விரிந்து கிடந்தது, மேஜை மேல் வைப்பது போல.

“ஏன் மதினி அங்கனயே நின்னுட்டீக?”

“கைய எடு.”

எடுத்தான். முனகல் வந்தது.

“வையி.”

வைத்தான். நின்றது.

“யாரு வச்சாலும் நிக்குமா?”

“ஒடம்பு பட்டா நிக்கும். சந்தையில திரியிற கழுதைய இழுத்தாந்து ஒரு கால வைக்கச் சொன்னாலும் நிக்கும்.” சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். “ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

எந்தப் பெட்டியும் வாங்காமல் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். முனகுவது பிரவீன் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அது அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். தன் கைக்கென்று அது அடங்கவில்லை என்பதை மட்டும் அவள் ஒரு தடவையும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இத்தனை வருடம் ஊரில் யார் கை வைத்திருந்தாலும் அடங்கியிருக்கும். பஸ் ஊர் போய்ச் சேரும் வரை கை மடியில் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம் அவள் உறையைத் திறக்கவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினாலும், ஃபிரிட்ஜ் திடுக்கென்று உறுமி நின்றாலும் திரும்பிப் பார்த்தாள். விஜயபாண்டி போன் செய்தான்.

“திருவிழா வந்துருச்சு மதினி. எதைத் திருப்பிக் குடுக்கட்டும்?”

அவளுக்கு அந்தக் கறுப்புப் பெட்டியின் மௌனம் ஞாபகம் வந்தது. ஆன் ஆகியிருக்கிறதா என்றே தெரியாத மௌனம். பந்தலில், பாதி வரிக்குப் பிறகு, ஸ்பீக்கரில் இருந்தது அதுதான். யார் கை வைத்தாலும் அடங்குகிற ஒன்றோடு இருந்துவிடலாம். யார் கையும் வேண்டாத ஒன்றோடு முடியாது.

“அந்தக் கண்டிப்பானத திருப்பிக் குடுத்துரு,” என்றாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கோயிலில் மைக் கட்டினார்கள். வெளியே விஜயபாண்டி எர்த் கம்பியை அடித்துக்கொண்டிருந்தான். தேனியில் நர்சிங் படிக்கும் ஏஞ்சல் லீவுக்கு வந்து, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் கிட்டாரை மடியில் வைத்து, கைகளைத் தூக்கிக்கொண்டாள். புது ஸ்பீக்கர்கள் முனகின.

“இங்கன வா. கைய வையி.”

“என்னையவா? பக்கத்துல வந்தாலே திட்டுவ. ஷாக் அடிக்காதா?”

“அடிக்காது.”

ஏஞ்சல் பாவாடையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நோயாளியின் நாடியைத் தொடுவது போல இரண்டு விரலை வைத்தாள். முனகல் நின்றது. எடுத்தாள், வந்தது. இந்தத் தடவை முழு உள்ளங்கையையும் வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை.

“அம்மா,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “அப்பா தூங்குறப்ப இப்பிடித்தான…”

ரோஸ்லின் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அப்பா இறந்தபோது ஏஞ்சல் ஒன்றாம் வகுப்புக்குக்கூடப் போகாத பிள்ளை. இவளும் நடுவில் படுத்துக்கொண்டு, கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஏஞ்சல் மெல்லக் கையைத் தூக்கினாள். ஒன்றும் வரவில்லை. தலைக்கு மேல் ஃபேன்கள் வேகம் குறைந்து சுற்றின.

“கரண்டு போயிருச்சு மதினி,” என்று வெளியிலிருந்து விஜயபாண்டி குரல் கொடுத்தான். “இப்ப வந்துரும்.”

கம்பிகளுக்குச் சற்று மேலே ஏஞ்சலின் கை நின்றது. அதன் பக்கத்தில் ரோஸ்லினும் தன் கையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இருவரும் தொடாமல் காத்திருந்தார்கள்.