மண்ணுளி ஏறிய கால்

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த ஆண்டு. காஜா பெராங்கில் வாடகை வீடு, பள்ளியில் அறிவியல் வாத்தியார் வேலை, வீட்டில் மூன்று மாதப் பெண் குழந்தை. ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்தது. நான் என் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் வாசல் சாக்கடையான லோங்காங்கில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தேன். முழ நீளத்தில், கருப்பாக, பக்கவாட்டில் மஞ்சள் கோட்டோடு ஏதோ ஒன்று என் புறங்காலில் ஏறி இறங்கிச் சேற்றுக்குள் புகுந்தது. தலை எது, வால் எது என்று தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டார்.

"வாத்தியாரே, அது மண்ணுளி. நக்குச்சுன்னா தோலு வெளுக்கும். அப்புறம் சுங்கை பூலோதான்."

தொழுநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. படித்தவன்தான் நான். ஆனால் மண்ணுளிக் கதையை என் அம்மா சோற்றோடு பிசைந்து ஊட்டியிருந்தாள். படிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அன்றிலிருந்து தனிப் பாய், தனித் தட்டு. குழந்தையைத் தொடவேயில்லை. மனைவி கேட்டபோது சளி என்று சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் பாதத்தை ஊசியால் குத்திப் பார்ப்பேன். வலித்தால் நிம்மதி; உணர்ச்சி இன்னும் போகவில்லை.

பத்தாம் நாள் வகுப்பில் நீர்நில வாழ்வன பாடம். அவற்றில் மூன்று பிரிவு: வாலில்லாத தவளை, வாலுள்ள சாலமாண்டர், காலே இல்லாத மூன்றாவது. மூன்றாவதை நானே படத்தில்தான் கண்டிருந்தேன். கரும்பலகையில் அதன் உடல் முழுக்க வளையம் போட்டு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு இழுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

வீடு திரும்பியதும் லோங்காங் ஓரச் சேற்றைக் கிளறினேன். கிடைத்தது. பாம்பென்றால் தடவும்போது செதில் தட்டுப்படும். தவளைக்கு உறவென்றால் வெறும் ஈரத் தோல்தான். தப்பாகப் போனால் கையும் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். செதில் இல்லை. ஈரமாக, வளையம் வளையமாக இருந்தது.

கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ளன்னுதான் தொட மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "நாளைக்கு உஜோங் பாசிருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிரலாம்னு துணியெல்லாம் கட்டிட்டேன்."

கதவோரம் மூட்டை இருந்தது. பத்து நாளாகக் குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.