மூன்றாவது பாலத்தின் அடியில்

சமஸ்தானத்துக் கண்மாய்களை மேற்பார்வையிடும் ஓவர்சியர் வேலையில் எனக்கு அப்போது பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கோடையில் நீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, எங்கே மாட்டுவண்டி போகும், எங்கே ஆள் போனாலே புதையும் என்று சொல்வது அந்த வேலையில் ஒரு பகுதி. அதற்குக் கருவி எதுவும் கிடையாது. வெடித்துக் காய்ந்த பொருக்கின்மீது குதிகாலை ஓங்கி வைப்பேன். டக்கென்று சத்தம் வந்தால் நடக்கலாம். பொத்தென்றால் திரும்பிவிட வேண்டும். குளத்தூர்ப் பக்கத்தில் நான் சொன்ன இடத்தில் ஒரு மாடுகூட இறங்கி மாட்டிக்கொண்டதில்லை.

மகளுக்குப் பத்து வயது. அவளுடைய பூகோளப் புத்தகத்தில், கடலுக்குள் நீண்டு போகும் ஒரு பாலத்தின் படம் இருந்தது. சீமைப் பெண்கள் குடை பிடித்து அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கம் கரையே இல்லாம எதுக்குப்பா பாலம்?" என்று கேட்டாள்.

தோணிகள் வந்து அணைவதற்கு என்றேன். நம் பக்கத்துக் கடலோரத்திலும் கொழும்புக்குச் சரக்கு ஏற்ற மரப்பாலங்கள் போட்டிருக்கிறார்கள் என்றும் வாயைவிட்டேன். அன்றிலிருந்து அவள் விடவில்லை. சீமையில் சண்டை தொடங்கி, இனிப் பெட்ரோல் கிடைக்காது என்று ஊரில் பேச்சு வந்ததும், கிடைக்கிறபோதே போய்விடலாம் என்று ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பிடித்தேன். நான், மனைவி, மகள், டிரைவர். நான்கே பேர்.

"பாலம் பாக்கவா சார் இம்புட்டுப் பெட்ரோலு?" என்றான் டிரைவர். "நம்ம ஊர்க் கண்மாயில தண்ணி வழியிற கலிங்கு இருக்கு. அதுமேல நாலு நடை நடந்தாக் காணாதா?"

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. காலையில் கிளம்பும்போது புளிச்சோற்றுப் பாத்திரத்தின் மூடி கீழே விழுந்து உருண்டதிலிருந்தே அவள் முகம் சரியில்லை.

ஆவுடையார்கோவிலைத் தாண்டியதும் வயல்கள் குறைந்து உவர்நிலம் தொடங்கியது. கடலோரத்தில் ரோடு என்பது மணலில் பதிந்த வண்டித்தடம்தான். இரண்டு இடத்தில் டிரைவர் பனையோலை வெட்டிப் போட்டு டயரை ஏற்றினான். மேற்கேயிருந்து அடித்த காற்று மணலை வாரி எங்கள் முதுகில் எறிந்துகொண்டே இருந்தது.

முதல் பாலத்தில் கூரை ஓட்டுக் கட்டுகளும் ஆடுகளும் ஏறிக்கொண்டிருந்தன. சுமை தூக்குகிறவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வராதீங்க. ஆடு மெரண்டா ஆளையும் சேத்துத் தள்ளிரும்." கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது பாலத்தில் கால்கள் மட்டும் நின்றன. மேல்பலகைகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒவ்வொரு காலின் உச்சியிலும் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நாங்கள் போய் நின்றும் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"போதுங்க. வீட்டுக்குத் திரும்பிருவோம்," என்றாள் மனைவி.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படித்தான். எதற்கும் அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். நான் சொல்வதற்காகக் காத்திருப்பாள்.

மூன்றாவது பாலம் ஜெகதாப்பட்டினத்துக்கு வடக்கே, ஆள் இல்லாத இடத்தில் இருந்தது. பலகைகள் முழுசாக இருந்தன. அதன் கோடிவரை நடந்து போனோம். கடல் அங்கே இல்லை. பாலம் முடிந்த இடத்திலிருந்து ஒரு பர்லாங்குக்குச் சாம்பல் நிறச் சேறு, மேலே வெடித்த பொருக்கோடு கிடந்தது. அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடாகத் தண்ணீர்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த துலுக்கர் ஒருவர், நாங்கள் பாலத்தில் ஏறும்போதே சொல்லியிருந்தார். "மேல நின்னு பாருங்க சார். கீழ மட்டும் எறங்கிராதீங்க."

"எனக்கு வண்டல் தெரியும்," என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும் சார். எங்க கடலுக்கு அது தெரியணுமே," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோடியில் இருந்த ஏணியில் நான் முதலில் இறங்கினேன். பாலத்துக் காலின் அருகே குதிகாலை ஓங்கி வைத்தேன். டக். தள்ளி இன்னொரு இடம். டக். கண்மாயில் ஓரிடம் கெட்டியாக இருந்தால் சுற்றிலும் அப்படியே இருக்கும். ஆண்டாண்டாக அங்கே தோணிக்காரர்கள் கொட்டிய சிப்பியும் கல்லும் சேற்றுக்குள் கிடந்தன என்பது எனக்குத் தெரியாது.

"வேணாங்க. இது நம்ம தண்ணி இல்ல," என்றாள் மனைவி மேலேயிருந்து.

"எறங்கவாப்பா?" என்றாள் மகள்.

"எறங்கு," என்றேன்.

அவள் இறங்கி, என்னைத் தாண்டி, தண்ணீரைத் தொட ஓடினாள். பதினைந்து இருபது எட்டு வைத்திருப்பாள். பிறகு அவள் உயரம் குறைந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. விழவில்லை, சத்தம் போடவில்லை. முழங்கால்வரை குறைந்து, பிறகு தொடைவரை குறைந்து நின்றாள்.

நான் ஓடினேன். நானும் முழங்கால்வரை புதைந்தேன். எட்டி அவள் கையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன். அப்போதுதான் முதல்முறையாக அலறினாள். அவள் தோளில் ஏதோ நெகிழ்ந்தது என் கைக்குத் தெரிந்தது. விட்டுவிட்டேன். இடுப்புவரை போயிருந்தாள்.

"இழுக்காதீங்க, இழுக்காதீங்க." வலை பின்னிக்கொண்டிருந்தவர் வள்ளத்துப் பலகை ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டிரைவர் பின்னால் இன்னொன்றோடு. பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து, முதலில் என்னைப் புரட்டி வெளியே எடுத்தார். பிறகு மகளின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் பலகைமேல் எடுத்து வைத்தார்.

"இதப் புடிச்சுக்க தாயி. கால ஆட்டாத."

அந்த நேரத்தில் காற்று நின்றது. மகளின் ரிப்பன் காலையிலிருந்து படபடத்துக்கொண்டே இருந்தது. அது அவள் கழுத்தில் படிந்து கிடந்தது. அவர் தலையைத் தூக்கிக் கடல் பக்கம் பார்த்தார். வெள்ளிக் கோடு அகலமாகியிருந்தது.

"தண்ணி வருதே," என்றேன்.

"காத்துத்தான் தள்ளி வச்சிருந்துச்சு. வரட்டும்."

"தோண்டுங்க. நானும் தோண்டுறேன்."

"தோண்டத் தோண்ட மூடிக்கிரும் சார். தண்ணி வந்து சேறு எளகுனாத்தான் கால விடும். பேசாம இருங்க."

அலை எதுவும் இல்லை. யாரோ குடத்தைக் கவிழ்த்ததுபோல், விரல் கனத்தில் தண்ணீர் தரையோடு தரையாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேலே மனைவி "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மகளை நோக்கி வரும் தண்ணீருக்காக நான் காத்திருந்தேன். சீக்கிரம் வரவேண்டும் என்றும் வரக்கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

அவள் வயிறு மறைந்தது. அவர் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு அவள் தொடையோரம் துழாவினார்.

"என்னா கிளாஸு படிக்கிற?"

"அஞ்சாவது."

"கடலப் பத்திப் படிச்சிருக்கியா?"

"உப்பா இருக்கும்னு போட்டிருக்கு."

"குடிச்சுப் பாத்தியா?"

தண்ணீர் அவள் மார்புக்கு வந்திருந்தது. குனிந்து உதட்டை நனைத்துக்கொண்டாள். "ஆமா. உப்புத்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று முழம் தள்ளி, டிரைவர் பிடித்திருந்த பலகையில் மண்டியிட்டிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கழுத்தெலும்பைத் தண்ணீர் தொட்டபோது அவர், "இப்ப மெல்ல முட்டிய மடக்கு, ஆத்தா," என்றார். ஒரு கால் வந்தது. வெகுநேரம் கழித்து, எனக்கு அப்படித்தான் இருந்தது, மற்றக் காலும் வந்தது. தண்ணீர்மேல் மல்லாந்து மிதந்து வந்தவளை ஏணிக்குக் கொண்டுபோனோம். இடதுகால் கொலுசு சேற்றிலேயே நின்றுவிட்டது.

அவர் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார். "கண்மாய்த் தண்ணி வத்துனாப் போயிரும் சார். இது எங்கிட்டும் போறதில்ல. அந்தா, அங்கிட்டுத்தான் நிக்கிது."

காருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரால் மனைவி அவள் கால்களைக் கழுவினாள். புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

தோள் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மகள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அவளுக்கு இப்போது பதினான்கு வயது. போன பங்குனியில் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கண்மாயைப் பார்க்கப் போனேன். பள்ளி விடுமுறை என்று அவளும் கூட வந்தாள். கரையிலிருந்து இறங்கிக் குதிகாலை வைத்தேன். டக்கென்று, என் உத்தியோகத்திலேயே கேட்டிராத நல்ல சத்தம். மாடுகள் நடுக்கண்மாயில் மேய்ந்துகொண்டிருந்தன.

"வா, நடக்கலாம்," என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா," என்றாள். "நான் இங்கன நின்னு பாத்துக்கிர்றேன்."

நடந்தேன். நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வேலிக்குக் கிடந்த நீளமான கழி ஒன்றை அவள் எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அவள் பார்வை என் முகத்தில் இல்லை. என் கால்களில் இருந்தது.