அம்மன் கையில் வைத்த கருவி

2007-ஆம் ஆண்டு, கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஒரு சிறிய அம்மன் கோயில். பழைய உலோகப் பொருள்களை ஆராய்வது என் வேலை. துளை போடும் மெஷின் போலிருக்கும் எக்ஸ்ரே கருவியோடு போயிருந்தேன். சிலைமேல் வைத்து அழுத்தினால் போதும். சுரண்டாமல், உரசாமல், செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சில வருடங்களுக்கு முன் அம்மன் சிலையைப் பழுது பார்க்க அடிவாரத்துக்குக் கொண்டுபோனவர், அசலை விற்றுவிட்டுப் போலியைக் கொண்டுவந்தார் என்று ஊரில் பேச்சு. அதிலிருந்து திருவிழாவில் அம்மனைத் தூக்க அவரை விடுவதில்லை. வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். என்னை வரவழைத்ததே அவர்தான்.

அம்மன் சேலையைப் பூசாரி தவிர யாரும் தொடக்கூடாது. வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும். அதில் வைத்தேன். துத்தநாகம் ஏராளம். பழைய வெண்கலச் சிலைகளில் அது அநேகமாக இருக்காது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இது புதுப் பித்தளை" என்று சொல்லிவிட்டேன். மொத்தக் கூட்டமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க, உடைஞ்சதே அந்தக் கைதானுங்க. புதுசா வார்த்து ஒட்டுனது. உடம்புல வெச்சுப் பாருங்க சாமி" என்றார் அவர். என்ன பழுது என்று நான் கேட்கவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பூசாரி திரையை இழுத்துவிட்டு, முதுகுப்பக்கம் மட்டும் சேலையை விலக்கினார். அங்கே வைத்ததில் செம்பு, வெள்ளீயம், காரீயம். துத்தநாகம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். "உடம்பு பழைய வெண்கலம்தான்" என்றேன்.

"வேற ஏதாச்சும் பழைய சிலையா இருந்தா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பீடம் கல்லோட பதிச்சதுங்க. அது மலைய உட்டு எறங்கவே இல்லீங்க. அதையும் பாருங்க" என்றார் அவர்.

இந்த முறை பீடத்தில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்த பிறகே வாயைத் திறந்தேன். சிலைக்கும் பீடத்துக்கும் கலவை அப்படியே ஒத்துப்போனது. "இரண்டும் ஒன்றாக வார்த்தவைதான்" என்றேன்.

பூசாரி திரையை விலக்கி அவரைக் கூப்பிட்டார். "உள்ள வாங்க மாமா. நான் சேலை கட்டறேன், அம்மனப் புடிச்சுக்குங்க."

அவர் அம்மனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதார். எனக்கும் கண் கலங்கியது. இன்றும் எந்தப் பொருளில் கருவியை வைக்குமுன்னும், அதன் கதையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்கிறேன். கருவி பொய் சொல்லாது, ஆனால் வைத்த இடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும்.