சுவரில் ஒட்டிய பூட்டு

ஈரத் துணியில் பிளீச்சிங் வாடை... ராஜபாளையம் பேண்டேஜ் மில்லை நினைத்தாலே அது மூக்கில் வந்து நிற்கிறது.

எனக்கு அங்கே செக்கிங் வேலை. ஓடுகிற துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் படிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் எழுதுவேன்.

ஒருமுறை எல்லோருக்கும் டிபி பரிசோதனை செய்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் லேப்பில் கம்ப்யூட்டர் பார்க்கும் பாத்திமா, ரிசல்ட்டை யாருக்கும் புரியாத ரகசிய எழுத்தாகப் பூட்டி, அச்சடித்து மில் சுவரில் ஒட்டினாள். பெயர் தமிழில். எதிரே இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு வரி. டாக்டரிடம் போனால் அவரவருடையதைத் திறந்து சொல்வார். இது என்ன பூட்டு என்று பாத்திமாவிடம் கேட்டேன்.

"ஏஇஎஸ்னு பேரு அண்ணாச்சி. அமெரிக்கா அரசாங்கமே தரம்னு வச்சிருக்க பூட்டு. பூட்டவும் தொறக்கவும் ஒரே சாவி. அது இல்லாம யாரு பாத்தாலும் ஒண்ணும் புரியாது."

எனக்கு டிபி என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். வெளியே தெரிந்தால் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்...

தாளைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே இருந்த வரி, இன்னும் இரண்டு பேருக்கு அச்சாக அப்படியே இருந்தது. மற்ற எல்லோருக்கும் வேறொரு வரி. அவர்களுக்குள் அதுவும் ஒன்றேபோல்.

பாத்திமாவிடம் போனேன்.

"தாயி, இந்தப் பூட்டு தொறந்துல்லா கெடக்கு."

பக்கத்து மிஷின் மாரிமுத்து சிரித்தான். "ஏலே குருசாமி, ஒன் கையெழுத்தே கோழி கிண்டுனாப்ல இருக்கும். நீ கம்ப்யூட்டர்ல ஓட்டை பாக்கியாக்கும்?"

அவளைத் தனியே கூப்பிட்டேன். என் நோயைச் சொல்லாமல் நம்ப மாட்டாள்.

"எனக்கு டிபி தாயி. அந்தத் தாள்ல என் வரியே இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. அவுகளுக்கும் அதே நோவுதான?"

பூட்டியவள் அவள்தானே, அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்த் தாளைக் கிழித்தாள்.

"பூட்டுல கொறை இல்ல அண்ணாச்சி. ஒரே வார்த்தையை ஒரே சாவியால அப்படியே பூட்டிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு எண்ணைச் சேத்துப் பூட்டிருக்கணும். சுவத்துல ஒட்டுனதும் தப்பு."

அந்த இரண்டு பெயரின் உருவம் கண்ணிலேயே நின்றது; பின்னாளில் எழுத்துக் கற்றதும் யாரென்று தெரிந்தது, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாத்திரை முடிந்து நோயும் போய்விட்டது. எழுபது வயதுக்குமேல் எழுத்துக் கற்றேன், இங்கிலீஷும் சேர்த்து. போன வாரம் லேப்புக்குப் போனபோது பாத்திமா கம்ப்யூட்டரில் புது எண் சேர்த்துப் பூட்டிய நாலு வரி காட்டினாள். நாலு பேருக்கும் நோய் இல்லையாம். நாலும் நாலு விதம்.

விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாக வாசித்தேன். ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டேன்...

ஒன்றுமே புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.